நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டியவை: ஒரு முழுமையான வழிகாட்டி

சொத்து, பணம் என்று பேச்சு வந்தால் நம் வீடுகளில் எல்லோரும் "எனக்குப் பிறகு என்ன?" என்றுதான் யோசிக்கிறார்கள். உயில் எழுதுகிறார்கள், வங்கியில் நாமினி போடுகிறார்கள். ஒருவர் உயிரோடு இருந்தும் முடிவெடுக்க முடியாமல் போகும் காலத்தைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. பக்கவாதம் வந்து பேச்சும் புரிதலும் போகலாம். விபத்தில் தலையில் அடிபட்டு கோமாவில் கிடக்கலாம். மறதிநோய் மெல்ல முற்றலாம். அந்த நாட்களில் உயில் உதவாது, எழுதியவர் உயிரோடு இருக்கிறார். நாமினியும் பணத்தை எடுக்க முடியாது, காரணம் அதேதான். மிச்சமிருக்கும் பவர் பத்திரத்தைத்தான் பல குடும்பங்கள் நம்பிக்கொண்டிருக்கின்றன. சரியாக அந்த நேரத்தில்தான் அதுவும் கைவிட்டுவிடும்.

இந்தியச் சட்டத்தில் இந்த இடைவெளி பெரியது. அதை முழுவதும் அடைக்கும் ஒரே ஆவணம் இன்றுவரை இல்லை. ஆனாலும் நாலைந்து சிறிய ஏற்பாடுகளைச் சேர்த்துச் செய்தால் குடும்பம் நீதிமன்றப் படியேறும் நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் பவர் பத்திரத்தின் எல்லை

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201. பவர் கொடுத்தவர் இறந்தாலோ, சித்த சுவாதீனம் இழந்தாலோ அந்த அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது அது. சார்பதிவாளர் அலுவலகத்தில் முறைப்படி பதிவு செய்த பொது அதிகாரப் பத்திரத்துக்கும் இதே கதிதான். "எனக்கு மனநிலை தவறினாலும் இது செல்லும்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த வரியை நம்பி இருக்க வேண்டாம். சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் மனநிலை தவறிய பிறகும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்துக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. அங்கே இருக்கும் மகனோ மகளோ "அப்பா, நீங்களும் அதே மாதிரி ஒன்று எழுதி வையுங்கள்" என்று சொல்வதுண்டு. இங்கே அப்படி ஒன்று கிடையாது.

அதற்காகப் பவர் பத்திரமே வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. உடல் தளர்ந்து மனம் தெளிவாக இருப்பவருக்கு அது மிகவும் பயன்படும். நடக்க முடியாது, கை நடுங்குகிறது, கண் மங்கிவிட்டது, ஆனால் பேசுவதும் புரிந்துகொள்வதும் நன்றாக இருக்கிறது என்றால் பவர் முழு பலத்தோடு செல்லும். அலுவலகத்துக்கு வர முடியாதவருக்குப் பதிவு அலுவலர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது. காரணத்தை எழுதி, மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். பவர் எழுதும்போது எல்லா அதிகாரத்தையும் அள்ளிக் கொடுக்காதீர்கள். வாடகை வாங்க, வரி கட்ட, வழக்கில் ஆஜராக என்று தேவையானதை மட்டும் எழுதுங்கள். விற்கும் அதிகாரம் வேண்டுமென்றால் எந்தச் சொத்து என்று சர்வே எண்ணோடு குறிப்பிடுங்கள்.

மறதிநோயின் ஆரம்பத்தில் இருப்பவர் கையெழுத்துப் போடலாமா என்ற கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. நோயின் பெயர் ஒன்றே ஒருவரின் உரிமையைப் பறித்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, அந்த நேரத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டு தன் நன்மை தீமையை எடைபோட முடிகிறதா என்றுதான் பார்க்கிறது. இடையிடையே தெளிவு வரும் ஒருவர் தெளிவாக இருக்கும்போது செய்த ஒப்பந்தமும் செல்லும். உயிலுக்கும் இதே அளவுகோல்தான். ஆகவே நோய் தெரிந்தவுடன் கதவு மூடிவிட்டதாக நினைக்காதீர்கள். அதே நேரம் ஒரு மாதம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். கையெழுத்துப் போடும் அன்றே நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். "நலமாக உள்ளார்" என்று பொதுவாக எழுதிய சான்றால் பயன் குறைவு. எந்த ஆவணம், என்னென்ன கேட்டார், அவர் என்ன பதில் சொன்னார், அதை வைத்து அவருக்குப் புரிகிறது என்று முடிவு செய்தேன் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த மருத்துவரே சாட்சியாகக் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. பத்திரத்தால் பலன் பெறப்போகிறவர் அந்த அறையில் இல்லாமல் இருப்பது பின்னாளில் பெரிய பாதுகாப்பு.

வங்கியில் செய்ய வேண்டியவை

பென்ஷன் வரும் ஒரே கணக்கு அப்பாவின் பெயரில் மட்டும் இருக்கும். அவர் ஐசியுவில் இருக்கும்போது அந்தப் பணத்தைத் தொட முடியாமல் அம்மா நகையை அடகு வைப்பார். இதைத் தவிர்க்க ஒரு மணி நேர வேலை போதும். கணக்கை ஜாயின்ட் அக்கவுன்ட்டாக மாற்றி, இயக்கும் முறையை "இருவரில் எவரும் அல்லது உயிரோடு இருப்பவர்" என்று போடுங்கள். வங்கியில் இதை எய்தர் ஆர் சர்வைவர் என்பார்கள். படிவத்தில் "ஜாயின்ட்லி" என்று இருந்தால் ஒவ்வொரு முறையும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் விழுந்தால் கணக்கு நின்றுவிடும். வைப்புத்தொகை ரசீதுகளில் என்ன முறை இருக்கிறது என்பதையும் எடுத்துப் பாருங்கள். பலர் சேமிப்புக் கணக்கை மட்டும் மாற்றிவிட்டு எஃப்டியை மறந்துவிடுகிறார்கள்.

ஜாயின்ட் கணக்கில் ஒரு ஆபத்தும் உண்டு. இணைந்தவர் மொத்தப் பணத்தையும் எடுத்துவிடலாம். அதனால் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரு பிள்ளையோடு சேர்ந்த கணக்கில் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆறு மாதச் செலவும் ஒரு மருத்துவமனைச் செலவும் அடங்கும் அளவுக்கு ஒரு ஜாயின்ட் கணக்கு. மீதி கணவன் மனைவி பெயரில் மட்டும். இந்தப் பிரிப்பு பல சண்டைகளைத் தவிர்க்கும்.

ஏற்கெனவே படுக்கையில் இருப்பவர், ஆனால் நினைவோடு இருப்பவர் என்றால் ரிசர்வ் வங்கியின் விதிகளே கைகொடுக்கும். கையெழுத்துப் போட முடியாதவர் கைவிரல் அல்லது கால்விரல் ரேகை வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சுதந்திரமான சாட்சிகள் அதை உறுதிப்படுத்த வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருக்க வேண்டும். ரேகைகூட வைக்க முடியாதவர் ஏதாவது ஒரு குறியிட்டாலும் ஏற்கலாம். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்றும் வங்கிகளுக்கு அறிவுறுத்தல் இருக்கிறது. கிளையில் "ஆளை அழைத்து வாருங்கள்" என்று சொன்னால் இதைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் கேளுங்கள்.

ஏடிஎம் கார்டையும் பின் எண்ணையும் பிள்ளையிடம் கொடுத்துவைப்பது நம் ஊரில் சாதாரணம். அவசரத்துக்கு அது உதவினாலும், வங்கி விதிப்படி அது தவறு. பணம் போனால் பொறுப்பு கணக்குக்காரருடையது. அதை ஏற்பாடு என்று நினைத்து நிம்மதியாக இருக்க வேண்டாம். நாமினி விஷயத்தில் ஒரு செய்தி: 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். ஆனால் நாலு பேர் இருந்தாலும் அவர்கள் வேலை இறப்புக்குப் பிறகுதான் தொடங்கும்.

சிகிச்சை பற்றிய இரண்டு காகிதங்கள்

இங்கே குழப்பம் அதிகம். முன்கூட்டி எழுதி வைக்கும் மருத்துவ அறிவுறுத்தல் என்ற பெயரில் நம் நாட்டில் இரண்டு தனித்தனி ஆவணங்கள் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

முதலாவது, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் கீழ் வருவது. நினைவு, சிந்தனை, மனநிலை ஆகியவற்றைப் பெரிதும் பாதிக்கும் கோளாறுகள் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருவதால் மறதிநோய்க்கும் இது பொருந்தும். எனக்கு இப்படிச் சிகிச்சை தர வேண்டும், இப்படித் தரக் கூடாது, என் சார்பில் இவர் பேசுவார் என்று எழுதி வைக்கலாம். அதற்குப் படிவம் உண்டு, இரண்டு சாட்சிகள் வேண்டும், மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். சார்பில் பேசுபவரை மட்டும் நியமிக்க வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வைத்தாலே போதும். யாரையும் நியமிக்காவிட்டால் உறவினர், அவரும் இல்லையென்றால் கவனித்துக்கொள்பவர் என்று சட்டமே வரிசை போட்டிருக்கிறது. குடும்பத்தில் ஒருவரை நம்பலாம், இன்னொருவரை நம்ப முடியாது என்ற நிலை இருந்தால் நியமனத்தை எழுதியே ஆக வேண்டும். அவசரச் சிகிச்சையை இந்த அறிவுறுத்தல் தடுக்காது. சொத்து, பணம் எதற்கும் இந்த நியமனத்தால் அதிகாரம் வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது, லிவிங் வில் என்று பலரும் சொல்வது. குணமாக வழியே இல்லாத நிலையில் வென்டிலேட்டர் போன்ற கருவிகளால் உயிரை இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று முன்பே எழுதி வைப்பது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை அங்கீகரித்தது. அப்போது வகுத்த நடைமுறை மிகச் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிமையாக்கினார்கள். முன்பு நீதித்துறை நடுவர் முன் கையெழுத்திட வேண்டியிருந்தது. இப்போது நோட்டரி அல்லது கெசட்டெட் அதிகாரி போதும்.

எழுதும் முறை இதுதான். 18 வயது நிறைந்து, தெளிவான மனதோடு, யார் வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும். எந்த நிலையில் எந்தச் சிகிச்சையை நிறுத்தலாம் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்ல வேண்டும். "கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் மருத்துவருக்கு அது வழிகாட்டாது. செயற்கை சுவாசம், டயாலிசிஸ், குழாய் வழி உணவு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். வலி தெரியாமல் வைத்திருக்கும் சிகிச்சை கடைசிவரை வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அது பலர் விட்டுவிடும் வரி. முடிவு சொல்ல வேண்டியவர்களின் பெயர்களை எழுதுங்கள், ஒருவருக்கு மேல் குறிப்பிடலாம். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரியிடம் சான்று வாங்குங்கள். பெயர் குறிப்பிட்டவர்களுக்கும் குடும்ப மருத்துவருக்கும் நகல் கொடுங்கள், உள்ளாட்சி அமைப்பில் இதற்கான அலுவலரிடமும் ஒரு நகல் போக வேண்டும்.

தேவைப்படும் நாளில் காகிதத்தைக் காட்டியவுடன் யாரும் கருவியைக் கழற்றிவிட மாட்டார்கள். சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் கொண்ட முதல் குழு பார்க்கும். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமித்த ஒருவரைக் கொண்ட இரண்டாம் குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் முடிந்தவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். நீதித்துறை நடுவருக்குத் தகவல் போன பிறகே நிறைவேறும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். அறிவுறுத்தல் எழுதாதவருக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே குழுக்கள் முடிவெடுக்க முடியும். ஆனால் அந்தச் சுமை முழுவதும் பிள்ளைகள் தலையில் விழும். அண்ணன் ஒன்று சொல்ல, தங்கை ஒன்று சொல்ல, ஐசியு வாசலில் உடையும் உறவுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காகிதத்தின் மதிப்பு தெரியும்.

எதுவும் எழுதாமலே நிலைமை கைமீறிவிட்டால்

1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில், மனநிலை தவறியவரின் சொத்துக்கு மாவட்ட நீதிமன்றம் பாதுகாவலரையோ மேலாளரையோ நியமிக்கலாம் என்று இருந்தது. 2017-இன் புதிய சட்டம் நோயாளியின் உரிமைகளை எவ்வளவோ உயர்த்தியது, ஆனால் சொத்து நிர்வாகம் பற்றிய அந்த அத்தியாயத்தைக் கைவிட்டுவிட்டது. கோமா நோயாளிக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அதனால் குடும்பங்கள் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுகின்றன.

கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் இதற்கென விரிவான வழிமுறை வகுத்தது. மருத்துவக் குழு நோயாளியை நேரில் பரிசோதிக்க வேண்டும், தாசில்தார் நிலைக்குக் குறையாத வருவாய் அலுவலர் வீட்டுக்குச் சென்று விசாரிக்க வேண்டும், நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும் என்பவை அதில் முக்கியமானவை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024-இல் ஒரு வழக்கு வந்தது. கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்று மருத்துவச் செலவைப் பார்க்க மனைவி அனுமதி கேட்டார். தனி நீதிபதி, சிவில் நீதிமன்றம் போங்கள் என்று மனுவைத் தள்ளிவிட்டார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு மனைவியையே பாதுகாவலராக நியமித்து விற்பனைக்கு அனுமதி தந்தது. விற்ற பணத்தில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தது. கோமாவில் இருப்பவரைப் பார்த்துக்கொள்வது எளிதல்ல, அதற்குப் பணம் வேண்டும், அந்தக் குடும்பத்தை இன்னொரு நீதிமன்றத்துக்கு அலைய விடக் கூடாது என்ற அணுகுமுறை அதில் இருந்தது. மனதுக்கு ஆறுதல் தந்த தீர்ப்பு அது.

இப்படி மனு போடும் நிலை வந்தால் முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை: மருத்துவமனைச் சுருக்க அறிக்கைகள், இன்றைய நிலை பற்றிய நரம்பியல் மருத்துவரின் சான்று, இதுவரை ஆன செலவின் ரசீதுகள், எல்லாச் சொத்து, கணக்கு, கடன் விவரங்களின் பட்டியல், வாரிசுகள் எல்லோருடைய சம்மதக் கடிதம். கடைசியாகச் சொன்னதுதான் வழக்கின் வேகத்தைத் தீர்மானிக்கும். ஒரு வாரிசு எதிர்த்தாலே காலம் நீளும்.

பிறவியிலேயே பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோரைத் தூங்கவிடாத கேள்வி, "எங்களுக்குப் பிறகு யார்?" என்பது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்த அன்றே பெற்றோரின் சட்டப்படியான காப்பாளர் நிலை முடிந்துவிடுகிறது. இது தெரியாமல் நாற்பது வயதுப் பிள்ளைக்கு உயிலில் காப்பாளரை எழுதி வைப்பவர்கள் உண்டு. உயில் மூலம் காப்பாளர் நியமிப்பது மைனருக்குத்தான் பொருந்தும்.

இந்த நான்கு நிலைகளுக்கும் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999 நல்ல வழி தந்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம், தாங்கள் விரும்பும் ஒருவரைக் காப்பாளராகப் பரிந்துரைக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் படிவம் கிடைக்கும். நியமனமானவர் ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலையும், பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கையும் கொடுக்க வேண்டும். காப்பாளர் கொடுமை செய்தாலோ பணத்தைக் கையாடினாலோ நீக்கச் சொல்லி மனு கொடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே தங்கள் பெயரில் இந்த ஆணையை வாங்கிவிட வேண்டும். வங்கிகள் இந்தச் சான்றை ஏற்றுக் கணக்கை இயக்க அனுமதிக்கின்றன, குடும்ப ஓய்வூதியத்திலும் இது கைகொடுக்கும். இதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு தருகிறது.

மற்ற வகைக் குறைபாடுகளுக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 14-ஆம் பிரிவில் வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறை இருக்கிறது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் உயிர்.

சொத்தை இத்தகைய பிள்ளையின் பெயரில் நேரடியாக எழுதுவதைவிட, 1882-ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டப்படி ஒரு தனியார் அறக்கட்டளை அமைப்பது பாதுகாப்பானது. வீடு, நிலம் சேர்ந்தால் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பிள்ளையைக் கவனிக்கும் காப்பாளரும் பணத்தைப் பார்க்கும் அறங்காவலரும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். பிள்ளைக்குப் பிறகு மீதிச் சொத்து யாருக்குப் போகுமோ, அவரையே தனியாக அறங்காவலராக்க வேண்டாம். முதியவர்களும் தங்களுக்காகவே இப்படி ஓர் அறக்கட்டளை அமைக்கலாம். பவர் பத்திரம் நின்றுபோகும் இடத்தில் இது நிற்கும். முத்திரைத் தீர்வையும் வருமான வரிக் கணக்கும் சேர்ந்து வருவதால் சொத்து பெரிதாக இருந்தால் மட்டும் வழக்கறிஞர், ஆடிட்டர் இருவரையும் வைத்து யோசியுங்கள்.

பாசத்தில் எழுதிக் கொடுக்கும் முன்

தானசெட்டில்மென்ட் பத்திரம்தான் முதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம். உயில் போல நினைத்து எழுதிவிடுகிறார்கள். உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு வரிகள் கட்டாயம் இருக்கட்டும். ஒன்று, ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் வசிக்கவும் வருமானத்தை அனுபவிக்கவும் எனக்கு உரிமை உண்டு. இரண்டு, பெறுபவர் என் அடிப்படைத் தேவைகளையும் மருத்துவத்தையும் கவனிக்க வேண்டும், தவறினால் இது ரத்தாகும்.

இரண்டாவது வரிக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007, பிரிவு 23. அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தைச் செல்லாது என்று இந்தச் சட்டத்தின் கீழ் உள்ள தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நிபந்தனை இருந்தது என்று நிரூபிக்க வேண்டும் என 2022-இல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியவர்களுக்குச் சாதகமாகவே இந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று சொன்னது. அன்பும் பாசமும் காரணமாக எழுதிய பத்திரத்தில் அந்த நிபந்தனை மறைமுகமாகவே இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றமும் அதே ஆண்டு கூறியது. தீர்ப்புகளை நம்பி வரியை விட்டுவிடாதீர்கள், எழுத்தில் இருந்தால் வாதமே தேவையில்லை.

கொடுமை நடப்பது தெரிந்தால்

திடீரென்று பாஸ்புக் காணாமல் போவது, பழகிய வழக்கறிஞரை மாற்றுவது, அக்கம்பக்கத்தாரையும் மற்ற பிள்ளைகளையும் பார்க்க விடாமல் தடுப்பது, பெரியவரின் கட்டை விரலில் மை இருப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விசாரியுங்கள். அவர் பெயரிலுள்ள சொத்தின் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து வருவது நல்ல பழக்கம்.

புகார் கொடுக்க வேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான பராமரிப்புத் தீர்ப்பாயம். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும். முதியவரால் முடியாவிட்டால் அவர் அனுமதித்த ஒருவரோ தொண்டு நிறுவனமோ மனு கொடுக்கலாம். தகவல் தெரிந்து தீர்ப்பாயமே தானாகவும் எடுக்கலாம். பிள்ளை இல்லாத முதியவருக்கு, அவர் சொத்தை அனுபவிக்கும் அல்லது வாரிசாகப் பெறப்போகும் உறவினர் பொறுப்பு. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆணையில் குறை இருந்தால் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. முதியவரை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் மூன்று மாதம் வரை சிறை. மாற்றுத்திறனாளி ஒருவருக்குக் கொடுமை நடந்தால் 2016 சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர்கூட.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவிக்கு 15100. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்த உதவி வருமான வரம்பு பார்க்காமல் கிடைக்கும்.